சோத்தாங்கைப் பக்கத்துப் பாதி

வா கண்ணு, இக்கட்ட வந்து நில்லு, வெய்யில் ஏறுது. அந்த வெள்வேல மரத்து நெழலு இன்னும் சித்தெ நேரத்துல இங்க வந்துரும். உக்காரச் சொல்லலாம்னா கல்லைத் தவிர ஒண்ணுமில்ல. நானே நின்னுட்டுத்தான் இருக்கறேன். இந்த எடத்தை உட்டு என்னால நகர முடியாது, தப்பா நெனச்சுக்காத.

என்ன கேட்ட? இந்தக் கொரங்காட்டை இன்னும் முப்பது வருசத்துக்கு இப்பிடியே காப்பாத்தி வெக்கோணும்னா என்ன செலவாகும்னா? கோயமுத்தூர்ல பஸ் ஏறி, காங்கயத்துல எறங்கி மாறி, இதைக் கேக்கத்தான் வந்தியா? நல்லா வந்த போ. பதினோரு வருசத்துக்கு முன்னால இதே கேள்விய ஒருத்தி கேட்டா. தெக்கால காட்டு அர்த்தநாரியண்ணன் மக, தமயந்தி. அவளும் உன்னாட்டத்தான், கையில பேப்பரும் பேனாவும். அன்னைக்கே எனக்குப் புடிக்கல. இன்னைக்கும் புடிக்கல. ஆனா நீ அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கற, தாட்டிவிட மனசு வரல. கேளு, சொல்றேன். நடுவுல நடுவுல நான் அக்கட்ட திரும்பிப் பாப்பேன். நாய் வருதான்னு பாக்கறேன், உன்ற பேச்சக் கேக்காம இல்ல.

கொரங்காடுன்னா என்னன்னு படிச்ச புள்ளை உனக்கு நான் சொல்லோணுமா? சொல்றேன், எழுதிக்க. இது வெள்ளாமைக் காடு இல்ல. மழை கம்மியான மண்ணு, ஒழவு ஓட்டுனா ஒண்ணும் வராது. கொழுக்கட்டைப் புல்லு மட்டும் வெதை உளுந்து உளுந்து மொளைக்கும். அங்கங்க வெள்வேல மரம் நிக்கும், அதோட காயை ஆடு ஆசையாத் தின்னும். சுத்தியும் கிளுவை முள்ளு வேலி. அந்த வேலிதான் கண்ணு எல்லாமே. வேலி கெட்டியா இருந்துச்சுன்னா ஆட்டை உள்ள உட்டுப் படலைச் சாத்திப்போட்டு நீ பாட்டுக்குக் கல்யாணங் காச்சிக்குப் போலாம். மேய்க்கறதுக்கு ஆளே வேண்டாம். நான் கல்யாணமாயி வந்தப்ப என்ற மாமியார் சொன்னாங்க, பூவாத்தா, நமக்கு மேய்ப்பன் சம்பளம் கெடையாது, கிளுவை பாத்துக்கும்னு. இருவத்தாறு வருசம் அப்பிடித்தான் பாத்துக்கிச்சு.

வேலிக்கு ஒரு மொறை இருக்குது. ரண்டு காட்டுக்கும் நடுவுல ஒரே வேலி. அதுல பாதி எனக்கு, பாதி அவருக்கு. எந்தப் பாதி ஆருதுன்னா, அவங்கவங்க காட்டுக்குள்ள நின்னுட்டு வேலியப் பாக்கோணும். சோத்தாங்கைப் பக்கம் இருக்கறது நம்முளுது. அவரு அக்கட்ட நின்னு பாத்தாலும் அவரு சோத்தாங்கைப் பக்கம் அவருது. பத்திரம் வேண்டாம், கல்லு வேண்டாம், சின்னப் புள்ளை வந்தாலும் சொல்லிரும். இதோ நில்லு, திரும்பிப் பாரு. மேக்கால போற பாதி என்றது. எப்பிடி இருக்குது? ஒரு அணில் நுழையட்டும் பாக்கலாம். கெழக்கால பாதி அர்த்தநாரியண்ணனுது. அதைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

பதினோரு வருசத்துக்கு முன்னால பைபாஸ் வருதுன்னாங்க. அதுக்கு முந்தி இந்தப் பக்கம் நாய் நரி கூட எட்டிப் பாக்காது. பைபாஸ்னு பேப்பர்ல வந்த மறுவாரமே புரோக்கருங்க கார் போட்டுட்டு வந்துட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்காரங்களுக்கு எடம் வேணுமாம், குடோன் கட்டோணுமாம், சைட்டுப் போடோணுமாம். என்ற ஊட்டுக்காரரு அப்ப தவறி மூணு வருசம். பொம்பளை தனியாத்தானே இருக்கறான்னு என்ற ஊட்டுக்குத்தான் மொதல்ல வருவாங்க. அர்த்தநாரியண்ணன்தான் ஒரு நாள் வந்து சொன்னாரு: "அம்மிணி, தனித்தனியா இருந்தா நம்மள ஒண்ணொண்ணா மொடக்கிருவானுக. மூணு பேரும் சேந்து ஒரு சொல்லுச் சொல்லிக்கலாம்."

மூணு பேருன்னா, தெக்கால அவரு, நடுவுல நானு, வடக்கால சாமியப்பன். மூணு காடும் ஒட்டுக்கா அறுவது ஏக்கரா வரும். மூணு பேரும் கருப்பராயன் கோயலுக்குப் போனோம். கற்பூரத்தைப் பத்த வெச்சு, கையில அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணுனோம். காட்டை விக்கறதில்ல. நாம இருக்கற வரைக்கும் விக்கறதில்ல, நமக்குப் பொறகு புள்ளைகளும் விக்கப்படாது. எனக்கு அன்னைக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஒரு காட்டைக் காப்பாத்தறதுக்கு அதுக்கு மேல என்ன வேணும், நீயே சொல்லு.

அதுக்கு மேல வேணும்னு சொன்னாளே அந்தத் தமயந்தி. ஈரோட்டுல ஒரு ஆடிட்டராபீசுல வேலைக்கு இருந்தா. கோயல்ல இருந்து திரும்பி அவங்க ஊட்டுல காப்பி குடிச்சுட்டு இருக்கறோம், ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்து நீட்டறா. முப்பது வருசத்துக்கு என்னென்ன ஆகும்னு பட்டியல். கிளுவைக்கு வயசாகும், மாத்து நடோணும். சுத்தியும் சைட்டு வந்தா நாய் வரும், குப்பை வரும், சீமைக்கருவேலம் வரும், அதைப் புடுங்க ஆள் வேணும். ஆராச்சும் கேஸ் போட்டா வக்கீல் வேணும். இப்ப பக்கத்துக்காரன் பாத்துக்கற வேலிய, அவன் இல்லாமப் போனா ஆரு பாத்துக்குவாங்கன்னு ஒரு கேள்வி. இதெல்லாம் எழுதிட்டு கடைசியா ஒரு வரி எழுதியிருந்தா பாரு, எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. "இவங்களுக்கு ஏலாத காலத்துக்கு ஒரு ஆள்." நாங்க இன்னும் காப்பியே குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள எங்களுக்குக் கையும் காலும் உளுந்து போற கணக்கெல்லாம் போட்டுட்டு வந்துட்டா.

அதுக்கு அவ சொன்ன வழி, மூணு ஊட்டுல இருந்தும் வருசத்துக்கு ரண்டு கிடாய்க்குட்டிய ஒதுக்கி வித்து ஒரு பொதுக் கணக்குல போட்டு வெக்கோணுமாம். அதுல கைய வெக்கப்படாதாம். ஏலாத காலத்துல அது வேலிய நிறுத்துமாம். நான் கேட்டேன்: "ஏஞ்சாமி, கிளுவைக்கு எதுக்குக் காசு? ஒரு போத்தை ஒடிச்சு ஆடியில நட்டா அது பாட்டுக்குத் துளுத்துட்டு வருது. கூரையேறிக் கோழி புடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம், முப்பது வருசத்துக்கு இப்பவே பேப்பர் எழுதறியே." சாமியப்பன் உளுந்து உளுந்து சிரிச்சான். அர்த்தநாரியண்ணன் மட்டும் சிரிக்கல. அந்தப் பேப்பரை வாங்கி மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு, "ரண்டு குட்டிதான அம்மிணி." ரண்டு குட்டி என்ன சும்மாவா வருது? நான் சத்தியம் பண்ணியிருக்கறேன் கண்ணு. கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணுனவகிட்டப் போயி, குட்டியும் குடுன்னா அது என்ன நாயம்? நம்பிக்கை இல்லாதவன்தான் கணக்கு எழுதி வெப்பான். அந்தப் பேச்சு அத்தோட போச்சு.

ரண்டாம் வருசமே சாமியப்பன் வித்துப்போட்டான். மகளுக்குச் சீர் செய்யோணுமாம். நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான். நானும் அர்த்தநாரியண்ணனும் அவன் மக கல்யாணத்துக்குப் போகல, மொய் வெக்கல, வழியில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவோம். அவன் காட்டுல இப்ப முந்நூறு சைட்டு. வடக்கால செவுரு தெரியுதல்ல, அதுதான். அவனைக் கூட நான் மன்னிச்சுட்டேன்னு வெய்யி. அவன் பகல் திருடன். நெஞ்சுக்கு நேரா நின்னு வித்தான். அர்த்தநாரியண்ணன் அப்பிடி இல்ல.

இவரோட வேலிக்கு அக்கட்டயும் இக்கட்டயுமா நின்னு நான் எத்தனை வருசம் பேசியிருப்பேன் தெரியுமா? அவருக்குச் சம்சாரம் தவறிப்போச்சு, எனக்கு ஊட்டுக்காரரு இல்ல. வெடியால ஆட்டுக்குத் தண்ணி காட்ட வந்தா அவரும் வருவாரு. மழை வருமா, எந்த ஆடு செனையா இருக்குது, உடுமலையில கட்டிக் குடுத்த என்ற மக என்ன சொன்னா, இதுதான் பேச்சு. வேலிக்கு மேல வெத்தலைய நீட்டுவாரு. ஊருக்குள்ள போனா எனக்குப் பேசறதுக்கு ஆளில்ல, இங்க வந்தாத்தான். அதனாலதான் சொல்றேன், சாமியப்பன் செஞ்சது எனக்கு வலிக்கல. இவரு செஞ்சதுதான் வலிக்குது.

வேலி எப்பிடிப் போச்சுன்னு கேளு. வடக்கால சைட்டுக்குத் தண்ணிக் குழாய் கொண்டு போறோம்னு, தெக்கால ரோட்டுல இருந்து எங்க காட்டு வழியா, கெழக்கோரமா காவாய் வெட்டுனாங்க. ஆபீசருங்க கையெழுத்து வாங்கிட்டுத்தான் வந்தாங்க, தடுக்க முடியல. கெழக்கோரம்னா ஆரு பாதி? அவரு பாதி. ஜேசிபி வந்து கிளுவையப் பேத்து எறிஞ்சுட்டுக் குழாயப் பதிச்சு மண்ணைத் தள்ளிட்டுப் போயிருச்சு. வேலிய நாங்களே வெச்சுத் தந்தர்றோம்னு சொன்னாங்க. வருவாங்க, வருவாங்க.

நான் மறுநாளே அவருகிட்டச் சொன்னேன், "அண்ணா, உங்க பாதி தெறந்து கெடக்குது." அவரு, "ஆளுக்குச் சொல்லியிருக்கறேன் அம்மிணி"ன்னாரு. ஆள் எங்க? கிளுவை கட்டத் தெரிஞ்சவனெல்லாம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். அவருக்கு முழங்கால்ல ஆப்பரேசன் பண்ணியிருந்தது, குனிஞ்சா நிமுர முடியாது. ஒரு நாள் கேட்டாரு: "நாம ரண்டு பேருஞ் சேந்து மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாமா? உன்ற பாதியும் பழசாயிட்டே வருது." என்ற பாதிக்கு என்ன கொறைச்சல்? கல்லாட்டம் நிக்குது. "அண்ணா, உங்க பாதிய அடைக்கறதுக்கு நான் எதுக்குச் சம்பளங் குடுக்கோணும்"னு கேட்டேன். கேட்டது தப்பா? அவரு வெத்தலைய நீட்டுனாரு, வாங்கிக்கிட்டேன்.

நீ கேப்ப, முள்ளை வெட்டிப் போட்டு நீயே அடைச்சிருக்கலாமேன்னு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. என்ற மருமகன் கேக்கறாரு, பால்காரன் கேக்கறான். வேலி மொறை தெரியாதவங்க பேச்சு அது. அவரு பாதிய நான் ஒரு தடவை அடைச்சன்னு வெய்யி, அது என்ற பாதியாயிரும். மறுவருசம் பிரிஞ்சா, போன வருசம் நீதானே அடைச்சன்னு சொல்லுவாங்க. அப்பறம் என்ற மக, பேத்தி எல்லாரும் காலத்துக்கும் அடைச்சுட்டே இருக்கோணும். முப்பது வருசம் முப்பது வருசம்னு சொல்றியே, நானும் யோசிக்கத் தெரிஞ்சவதான்.

ஒன்றரை வருசம் அப்பிடியே கெடந்துச்சு. நானும் தினமும் சொல்லிட்டே இருந்தேன். அவரும் தினமும் தலையாட்டிட்டே இருந்தாரு.

போன வைகாசியில ஒரு நாள் வெடியால வாறேன், படலைத் தொறக்கறேன், ஒரு ஆடு கூட கத்தல. எப்பவும் என்ற சத்தங் கேட்டா ஓடியாரும். பைபாஸ்ல பிரியாணிக் கடை, கோழிக் கடை வந்த பொறகு அங்க கும்பல் கும்பலா நாய். அது அத்தனையும் வேலி பேந்து கெடந்த இந்தச் சந்து வழியா வந்திருக்குது. பத்தொம்போது ஆடு. தின்னிருந்தாக் கூட ஏதோ பசின்னு சொல்லலாம். தின்னல. கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. செனை ஆடு ஏழு. நான் அழுகல. நேரா வேலிக்கிட்டப் போயி நின்னு அவரைக் கூப்பிட்டேன். கம்பை ஊனிட்டு ஓட ஓட வந்தாரு. அவரு மூஞ்சியப் பாத்து நான் சொன்ன வார்த்தைய இப்பச் சொன்னா நாக்குக் கூசும். அது எதுக்கு.

ஊர்ல கூட்டம் போட்டாங்க. அவரு தலையக் குனிஞ்சுட்டு, "தப்பு என்றதுதான்"னு ஒத்துக்கிட்டாரு. அவரு பட்டியில இருந்து ஆறு பெட்டையாட்டை ஓட்டிட்டு வந்து என்ற படலுக்கு முன்னால நிறுத்துனாரு. நான் வாங்குவனா? பத்தொம்போது உசுரு போயிருக்குது, ஆறு ஆட்டைக் குடுத்து வாயை அடைக்கப் பாத்தாரு. திருப்பி ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். அன்னையில இருந்து பேச்சு வார்த்தை இல்ல.

இதுக்கப்பறந்தான் அவரு செஞ்ச துரோகம். கேட்டா நீயே அசந்து போவ.

ஆனி கடைசியில உடுமலையில என்ற மக கோகிலவாணிக்குப் பிரசவம். போகாம இருக்க முடியுமா? நாலே நாலு நாள் போனேன். மிச்சமிருந்த ஆட்டைக் கருப்பராயன் பாத்துக்குவாருன்னு உட்டுட்டுப் போனேன். அஞ்சாம் நாள் வந்து பாக்கறேன், அவரு இங்க குத்துக்காலிட்டு உக்காந்துட்டு, கடப்பாறைய வெச்சு நோண்டிட்டு இருக்கறாரு. வேர்வை அப்பிடியே ஊத்துது. இந்தச் சந்துல பதினோரு கிளுவைப் போத்து நட்டிருக்குது. என்னையப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு, முடியல, கம்பைத் தொழாவுனாரு. "வந்துட்டியா அம்மிணி"ன்னாரு. ஒண்ணுமே நடக்காதவராட்ட.

நான் போத்தைப் பாக்கறேன். பழைய வேலி இருந்த கோட்டுல நடல. என்ற பக்கமா ஒரு சாண் தள்ளி நட்டிருக்குது. ஒரு சாண். கேட்டா, அடியில பாறை இருக்குது, கடப்பாறை எறங்கலங்கறாரு. எறங்கலைன்னா அவரு பக்கம் ஒரு சாண் தள்ளி நடலாமல்ல? அங்க பாறை இன்னும் மேல நிக்குதாம். எனக்கு அப்பத்தான் எல்லாம் வெளங்குச்சு. ஒன்றரை வருசம் நடாதவரு, நான் ஊர்ல இல்லாத நாலு நாள் பாத்து எதுக்கு நடறாரு? எல்லைப் பொழியத் தள்ளி என்ற காட்டை எடுக்கத்தான். வேலியே பயிரை மேஞ்சா ஆருகிட்டப் போயிச் சொல்றது?

அவரு முன்னாலயே புடுங்குனேன். ஒவ்வொண்ணாப் புடுங்கி எறிஞ்சேன். பதினொண்ணையும். ரண்டு மூணு போத்துல மொட்டுக் கூட உட்டிருந்துச்சு. அவரு தடுக்கல. குத்தமில்லாதவன்னா சண்டைக்கு வருவானல்ல? அவரு கடப்பாறைய எடுத்துட்டு, நொண்டி நொண்டிப் போயிட்டாரு. நடக்கற ஒவ்வொரு எட்டுக்கும் நின்னு நின்னு போனாரு. அதை நான் பாத்துட்டேதான் இருந்தேன்.

நான் அத்தோட உடல. தாலுக்காபீசுக்கு எழுதிக் குடுத்து சர்வேயரைக் கூட்டிட்டு வந்தேன். அவன் சங்கிலியக் கையில வெச்சுட்டு, "போத்தை எங்கம்மா நட்டிருந்தாரு?"ங்கறான். புடுங்கிட்டேன்னு சொன்னேன். சிரிச்சுப்போட்டு, அப்ப நான் எதை அளக்கறதுன்னு கேட்டுட்டுப் போயிட்டான். இந்தக் காலத்துல ஆபீசருக எல்லாம் அப்பிடித்தான்.

பால்காரன் வந்து ஒரு கதை சொன்னான். நான் உடுமலைக்குப் போன நாலு நாளும் அர்த்தநாரியண்ணன் வெடியால இருந்து பொழுது உளுகற வரைக்கும் இந்தச் சந்துலயே இருந்தாராம். நாயைத் தொரத்திட்டு, நடு நடுவுல குழி நோண்டிட்டு. சோறு கூட இங்கயே கொண்டாந்து தின்னாராம். ஒரு ஆட்டுக்கும் சேதாரமில்லையாம். இருக்கட்டும். திருடப் போறவன் நாய்க்கு ரொட்டி போடறதில்லையா, அது மாதிரித்தான்னு சொன்னேன். பால்காரன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். அப்பறம் என்ற ஊட்டுக்குப் பால் ஊத்தறப்ப அவன் நின்னு பேசறதில்ல.

ஐப்பசியில ஒரு நாள் லாரி ஹாரன் கேக்குது. தெக்கால பாத்தா, புல்லு மேல லாரி லாரியாக் கிராவல் மண்ணைக் கொட்டறான். அர்த்தநாரியண்ணன் காட்டை லாரி நிறுத்தற ஸ்டாண்டுக்கு இருவத்தொம்போது வருசத்துக்கு வாடகைக்கு உட்டுட்டாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல கண்ணு. லாரிக்காரன் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன். அத்தனை வருசம் வெத்தலை வாங்கித் தின்ன எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.

ஓடுனேன் அவரு ஊட்டுக்கு. சாமான் சட்டெல்லாம் கட்டி வெச்சிருக்குது, தமயந்தி கார் கொண்டாந்திருக்கறா, அப்பனை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. வாசல்ல நின்னே கேட்டேன், "கற்பூரத்தை அடிச்சது மறந்து போச்சா?" அவரு சொன்னாரு, "நான் விக்கல அம்மிணி. இன்னும் என்ற பேர்லதான் இருக்குது." பாத்தியா சாமர்த்தியத்தை? விக்கறதில்லைன்னுதான் சத்தியம், வாடகைக்கு உடறதில்லைன்னு சத்தியம் பண்ணலையாமா. நான் காறித் துப்பாத கொறை. அப்பறம் அவரு சொன்னாரு, "எனக்கு ஏலல அம்மிணி. ஏலுன வரைக்கும் செஞ்சு பாத்தேன். அந்தப் போத்து பதினொண்ணும் நான் ஒரு சாண் எடத்துக்கா நட்டேன்?"

நான் திரும்பி நடக்கப் பாத்தேன். தமயந்தி குறுக்க வந்து, "பூவாத்தாக்கா, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னா. அவ கண்ணு கலங்கி இருந்துச்சு. நடிப்பு. அவங்க ஊட்டுல தண்ணி குடிச்சா எனக்கு எறங்குமா? வந்துட்டேன். கார் போறப்ப அவரு கண்ணாடிய எறக்கி என்ற ஊட்டுப் பக்கம் பாத்தாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

இதான் நடந்தது. எழுதிக்க, பேரைப் போட்டே எழுது, நான் பயப்பட மாட்டேன். மூணு பேர் சத்தியம் பண்ணுனோம், ஒருத்தன் வித்தான், ஒருத்தரு மண்ணைக் கொட்டுனாரு, நான் ஒருத்திதான் காப்பாத்திட்டு இருக்கறேன். லாரி ஸ்டாண்டுல சமைக்கறானுக, மிச்சம் மீதிய வெளிய கொட்டறானுக, நாய் முன்னைக்கு ரண்டு பங்கா ஆயிப்போச்சு. அந்தப் பாதி வேலி அவனுது இல்லைன்னு லாரிக்காரன் சொல்றான், வாடகைப் பத்திரத்துல வேலி எழுதலையாமா. அர்த்தநாரியண்ணன் எப்ப வந்து அவரு பாதிய அடைக்கறாரோ அப்ப அடைக்கட்டும். எனக்கு இன்னும் பதினாலு ஆடு இருக்குது. நான் அஞ்சு மணிக்கு வருவேன், இருட்டுற நேரத்துக்கு ஆட்டைப் பட்டியில அடைச்சுட்டுப் போவேன். மழையானாலும் இதுதான். போன மாசம் பேத்திக்குக் காது குத்து, உடுமலையில. எனக்கு ஒரே மக, மடியில உக்கார வெக்கத் தாய்மாமன் இல்ல, அம்மாயி நாந்தான் வெச்சுக்கோணும். நான் போகல. போனா இங்க ஆரு நிக்கறது? கோகிலவாணி போன்ல அழுதா. "உனக்கு நாங்க வேணுமா, அந்தச் சந்து வேணுமாம்மா"ன்னு கேட்டா. பெத்த மக கேக்கற கேள்வியா அது? எல்லாரும் சேந்து என்னையக் கைய உட்டுட்டாங்க.

என்னது? எனக்கப்பறம் ஆரு பாத்துக்குவாங்களா? அதுவும் அந்தப் பேப்பர்ல இருக்குதா? நீயும் அவளாட்டமே கேக்கற பாத்தியா. அந்த எடத்துல ஒண்ணும் எழுதாத. காலியா உடு. செலவுன்னு கேட்டியே, அதையும் சொல்றேன். இந்தக் காட்டுக்குன்னு நான் இது வரைக்கும் ஒத்தைப் பைசா செலவு பண்ணுனதில்ல. வருசத்துக்கு ரண்டு குட்டின்னு கேட்டாங்களே, ஒத்தைக் குட்டி குடுத்ததில்ல. நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுவேன். அதைப் பெருசா எழுது.

சரி கண்ணு, பேப்பரை மடிச்சு வெய்யி. வெடியால வந்து நின்னவ, இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படல. ஊடு இங்கதான், பக்கந்தான். ஒரு வாய் சோத்தைத் தின்னுட்டு ஓடியாந்தர்றேன், அது வரைக்கும் நீ இங்க நில்லு. இந்தக் கல்லைக் கையில வெச்சுக்க. செவலை நாய் ஒண்ணு வரும், அதுதான் மத்ததுக்கெல்லாம் தலைவன். கல்லை ஓங்குனாப் போதும், எறிய வேண்டியதில்ல. ஓரமா நிக்காத, நடுவுல வா. காலைச் சித்தெ அகட்டி நில்லு. கை ரண்டையும் விரி. இன்னுங் கொஞ்சம். இப்ப ரண்டு கையும் வேலியத் தொடுதா? தொடுதல்ல? அவ்வளவுதான். அவ்வளவுதான் சந்து.